13 நாள் முந்தி வந்த விண்டோஸ்: கீழக்கரைக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2021 ஜூன் 15, செவ்வாய்க்கிழமை. விண்டோஸ் 11 வரப்போகிறது என்று மைக்ரோசாஃப்ட் இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்குள் 21996.1 என்ற எண் கொண்ட அதன் சோதனைப் பதிப்பு இணையத்தில் கசிந்துவிட்டது. நாலரை ஜிபி அளவில் ஒரு ஐ.எஸ்.ஓ. கோப்பு, அதாவது நிறுவத் தேவையானதெல்லாம் ஒன்றாக அடங்கிய கோப்பு. அதிகாரப்பூர்வ அறிவிப்பு ஜூன் 24 அன்று, நம் நேரப்படி இரவு எட்டரை மணிக்கு வந்தது. ஜூன் 28 அன்று 22000.51 என்ற பதிப்பு, வெளிவருமுன் சோதித்துப் பார்ப்பவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் நடத்தும் விண்டோஸ் இன்சைடர் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு முறைப்படி கிடைத்தது. கசிந்ததற்கும் முறையாகக் கொடுத்ததற்கும் இடையில் 13 நாள்.

அந்த 13 நாளுக்குள் கீழக்கரையில் ஒரு கடையில் நடந்ததையும், அதே ஆண்டு தங்கச்சிமடத்தில் ஒரு மாணவி வேறு வழியில் போனதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன். இராமநாதபுரத்திலிருந்து கடற்கரை ஊர்களுக்குப் போய்க் கணினி சரிபார்ப்பது என் தொழில். இரண்டு இடத்திலும் கூப்பிட்டது என்னைத்தான். ஆட்களின் பெயரும் கடையின் பெயரும் இங்கே தேவையில்லை.

கடை

கீழக்கரையில் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பார். அந்த ஜூனில் அவர்களில் நிறைய பேர் ஊரில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஏப்ரல் கடைசியில் ஐக்கிய அரபு அமீரகம் இந்தியாவிலிருந்து வரும் பயணிகளை நிறுத்தியிருந்தது. மறுபடி ஆட்களை எடுக்கத் தொடங்கியது ஆகஸ்டில்தான். இங்கே விசா தேதி ஓடிக்கொண்டிருந்தது. தடுப்பூசிச் சான்றிதழைக் கோவின் தளத்திலிருந்து எடுக்க வேண்டும். அதில் பாஸ்போர்ட் எண் வேண்டும் என்றார்கள். அதைச் சேர்க்கும் வசதி ஜூன் கடைசியில்தான் வந்தது. கம்பெனிக்குக் கடிதம், டிக்கெட் தேதி மாற்றம், பழைய விசாவின் நகல் என்று எல்லாவற்றுக்கும் இந்த மாதிரிக் கடைதான் கதி.

கடைக்காரரை ஊரே காக்கா என்றுதான் கூப்பிடும். கடையில் இரண்டு கணினி. ஒன்றில் பிள்ளைகள் வந்து படிவம் நிரப்புவார்கள். இன்னொன்றுதான் உயிர்நாடி: பிரிண்டர், ஸ்கேனர், ஆதார் வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் கைரேகைக் கருவி எல்லாம் அதில்தான் மாட்டியிருந்தன. இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. பழசு, ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

காக்காவின் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஊரடங்கில் வீட்டில் இருந்தவன், மாமாவுக்கு ஒத்தாசையாகக் கடையில் உட்கார்ந்திருந்தான். கசிந்த மறுநாளே டெலிகிராமில் அவனுக்கு இணைப்பு வந்துவிட்டது.

“மாமா, புது விண்டோஸ் வந்திருக்கு. போட்டா சிஸ்டம் பறக்கும்.”

“காசு கேக்குமா?”

“ஆக்டிவேட்டர் கூடவே இருக்கு மாமா.”

“அப்ப போட்டுப் பாரு. ஆனா வேலை நிக்கக் கூடாது, ஆமா.”

காக்கா அவனை நம்பியது தப்பில்லை. பையன் கெட்டிக்காரன். கணினியில் அவனுக்குத் தெரியாதது குறைவு. இந்த நிகழ்வைப் படிக்கிறவர்கள் “விவரம் தெரியாத பையன்” என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். விவரம் தெரிந்ததால்தான் இவ்வளவு தூரம் போக முடிந்தது.

போட்டது எப்படி

பென்டிரைவில் ஏற்றி ஓட்டினால் முதலிலேயே “இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது” என்று வந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அந்தப் பழைய கணினியில் இல்லை. விண்டோஸ் 10-இன் நிறுவல் கோப்புகளில் ஒன்றை எடுத்துப் புதியதில் வைத்தால் அந்தச் சோதனை நடக்காமல் போகும் என்று அப்போது எல்லோரும் வீடியோ போட்டிருந்தார்கள். அவனும் அப்படியே செய்தான். அப்புறம், மேலேயே ஏற்றாமல் சி டிரைவை முழுசாக அழித்துவிட்டுச் சுத்தமாகப் போட்டான். இது முக்கியமான இடம். பழையதன் மேல் ஏற்றியிருந்தால் பத்து நாளுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பும் வசதி இருந்திருக்கும். சுத்தமாகப் போட்டால் அந்த வழி இல்லை.

கடைசியாக ஆக்டிவேட்டர், அதாவது காசு கொடுக்காமலே உரிமம் இருப்பதுபோல் விண்டோஸை ஏமாற்றும் கருவி. கூடவே வந்த உரைக் கோப்பில் “முதலில் டிஃபெண்டரை அணைக்கவும்” என்று எழுதியிருந்தது. டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு. அணைத்தான்.

திரை அழகாகத்தான் இருந்தது. தொடக்கப் பொத்தான் நடுவில், மூலைகள் வளைந்த சாளரங்கள், புது ஒலி. ஆனால் உள்ளே போனால் செட்டிங்ஸும் கோப்புகளைத் திறக்கும் எக்ஸ்ப்ளோரரும் பெரும்பாலும் விண்டோஸ் 10-இல் பார்த்த அதே முகம்தான். அவற்றின் புதிய வடிவம் 22000.51-இல்தான் வந்தது. கசிந்தது முன்னோட்டமாகக் காட்டுவதற்காகத் தயாரித்த பதிப்புகூட இல்லை. ஒரு வேலைநாளில் உள்ளுக்குள் உருவாக்கிய பல பதிப்புகளில் ஒன்று, வெளியே வந்துவிட்டது. அதை வாங்குகிறவர் என்ன நிலையில் வாங்குவார் என்று அதைச் செய்தவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

எங்கே கழன்றது

முதலில் தெரிந்தது எழுத்து. மனு, நோட்டீஸ், கல்யாண அழைப்பு எல்லாம் காக்கா பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். எழுத்துரு சி டிரைவோடு போய்விட்டது. பழைய மனுவைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திரை நிறைந்தது. இது புது விண்டோஸின் குற்றம் இல்லை. எழுத்துருவைத் தேடிப் போட்டதும் சரியாகிவிட்டது. பிரிண்டரும் ஒரு மணி நேரம் முரண்டு பிடித்துவிட்டு அடங்கியது.

கைரேகைக் கருவிதான் அடங்கவில்லை. இந்தக் கருவிக்கு ஆர்.டி. சேவை என்று ஒரு மென்பொருள் உண்டு. ரேகையை அது மறைகுறியாக்கி, கையொப்பமிட்டு அனுப்பினால்தான் ஆதார் பக்கம் ஏற்பார்கள். அந்தச் சேவையை மறுபடி நிறுவினான், ஏறியது. ஓட ஆரம்பிக்கும், சில நொடியில் நின்றுவிடும். கருவியின் விளக்கு எரியும், அணையும்.

அப்போது ஏர்வாடிப் பக்கமிருந்து ஓர் அம்மா முதியோர் உதவித்தொகை எடுக்க வந்திருந்தார். அன்றைக்கு அது மாதம் 1000 ரூபாய். விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். வேலை செய்து தேய்ந்த விரலுக்கு ரேகை பதியாமல் போவது வழக்கம் என்பதால், தன் விரல்தான் சரியில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவைத்தார்கள். மறுநாளும் அதே கதைதான்.

பையன் கருவிக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதைக் காக்கா என்னிடம் அப்படியே சொன்னார்.

“சிஸ்டத்துல என்ன விண்டோஸ் சார்?”

“விண்டோஸ் 11.”

“சார், விண்டோஸ் 11-னு ஒண்ணு இல்லையே சார்.”

அந்தப் பக்கம் பேசியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றைய தேதியில் அப்படி ஒன்று அறிவிக்கப்படவே இல்லை. பத்தைப் போட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார். சேவை ஏன் நிற்கிறது என்று ஆராய அவருக்குக் கடமை இல்லை, வழியும் இல்லை. கசிந்த பதிப்பில் வரும் எந்தக் கோளாறுக்கும் இதுதான் கதி. யாரிடம் சொன்னாலும் உரையாடல் இந்த இடத்தில் நிற்கும்.

இரண்டு நாள் கழித்துக் கடையின் மின்னஞ்சல் கணக்குக்கு, புதிய சாதனம் ஒன்றில் உள்நுழைந்திருக்கிறீர்கள் என்று கூகுளின் எச்சரிக்கை வந்தது. காக்கா கீழக்கரையை விட்டு நகரவில்லை. எச்சரிக்கையில் இருந்த இடமோ வேறு மாநிலம். அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

அந்த மின்னஞ்சலில் என்ன இருந்தது என்று பார்த்தபோதுதான் விஷயத்தின் கனம் தெரிந்தது. பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், இல்லையென்றால் இந்த முகவரிக்கு. மாதக்கணக்கில் யாரும் அழிக்கவில்லை. பாஸ்போர்ட் முன்பக்கம், பின்பக்கம், விசா, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஊர்க்காரர்களின் சொந்த ஆவணங்கள் வரிசையாகக் கிடந்தன. புது விண்டோஸைச் சோதித்தது ஒரு பையன். பணயம் வைக்கப்பட்டது அவனுடையது அல்ல.

ஆக்டிவேட்டரைத் தனியே எடுத்து, ஒரு கோப்பைப் பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களால் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினேன். பல நிறுவனங்களின் சோதனையில் சிவப்பாக வந்தது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உரிமத்தை ஏமாற்றும் கருவி எதுவாக இருந்தாலும், அதில் திருட்டு நிரல் இல்லாவிட்டாலும், சிவப்பாகத்தான் காட்டும். அதனால் பயன்படுத்துகிறவர்கள் “ஆக்டிவேட்டர்னா அப்படித்தான் காட்டும்” என்று பழகிவிட்டார்கள். நிஜமாகவே திருட்டு நிரலை அதற்குள் வைப்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பாதுகாப்பை அணைத்துக் கொடுப்பவரும் நாம்தான்.

இது கீழக்கரையில் மட்டும் நடந்ததில்லை. 2021 ஜூலையில் வைரஸ் தடுப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் இந்த 21996.1 எண்ணையே பெயரில் வைத்துக்கொண்டு, “ஆக்டிவேட்டர்” என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டு சுற்றிய ஒரு நிறுவல் கோப்பைப் பற்றி எழுதினார்கள். அளவு 1.75 ஜிபி. பெரிய கோப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக உள்ளே பயனில்லாத தரவைத் திணித்திருந்தார்கள். ஓட்டினால் சாதாரண நிறுவல் சாளரம் போலத்தான் வரும். அதற்குள் இன்னொரு நிறுவல் கோப்பு. அது ஓர் ஒப்பந்தத்தையும் காட்டி, “ஸ்பான்சர் மென்பொருள்களும் சேர்ந்து நிறுவப்படும்” என்று சொல்லியே காரியத்தை முடிக்கும். எதையும் படிக்காமல் ‘சரி’ என்று அமுக்குகிற பழக்கத்தை நன்றாகத் தெரிந்தவர்கள் செய்த வேலை.

மீட்டது

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டி டிரைவில் இருந்த கோப்புகளை எடுத்து, அவற்றைச் சோதித்து, வட்டை முழுக்க அழித்தேன். மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 10-ஐப் போட்டேன். பழைய உரிமம் அந்த மதர்போர்டோடு பதிவாகியிருந்ததால், இணையத்தில் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஆக்டிவேட்டரே தேவைப்படாத கணினியில்தான் ஆக்டிவேட்டரை ஓட்டியிருக்கிறார்கள் என்பதை அப்போது பையனிடம் காட்டினேன். மின்னஞ்சல், வங்கி, டிக்கெட் முகவர் கணக்கு எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் வேறொரு போனிலிருந்து மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டோம். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் முதல் வேலையாக இணையக் குற்ற உதவி எண்ணுக்கு (அப்போது 155260, இப்போது 1930) அழைத்திருக்க வேண்டும். கைரேகைக் கருவி விண்டோஸ் 10-இல் பழையபடி ஓடியது. கடை இரண்டு நாள் மூடிக்கிடந்தது. மின்னஞ்சலில் ஆவணம் அனுப்பியவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்று காக்காவிடம் சொன்னேன். அவருக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

அந்தக் கணினி விண்டோஸ் 11-க்குக் கடைசி வரை தகுதி பெறவில்லை. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது, ஏழாம் தலைமுறையில் ஒரு சிலவற்றைத் தவிர, பட்டியலிலேயே கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்கு முன்பே காக்கா வேறு கணினி வாங்கிவிட்டார்.

கசிந்த பதிப்பில் இல்லாதது எது

கசிந்த பதிப்பில் பிழை அதிகம், அதிகாரப்பூர்வச் சோதனைப் பதிப்பில் குறைவு என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. 21996.1 நிறைய பேரிடம் நிம்மதியாகவே ஓடியது. அந்த ஐ.எஸ்.ஓ. மைக்ரோசாஃப்ட் உருவாக்கியதுதான். ஆனால் டெலிகிராமில் பையன் இறக்கியது அதேதானா, நடுவில் யாரும் கை வைத்தார்களா? முறைப்படி வெளியாகும் விண்டோஸ் 11 என்றால் பதிவிறக்கப் பக்கத்திலேயே சரிபார்ப்பு எண்களைப் போட்டிருப்பார்கள். நம்மிடம் உள்ள கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கசிந்த கோப்புக்கு அப்படிப் பொறுப்பேற்று எண் கொடுக்க ஆளில்லை. குழுவில் ஒருவர் ஒரு எண்ணைப் போடுவார். அவர் யார்?

இராமேசுவரத்தில் விசைப்படகு கடலுக்குப் போகும் முன் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் இல்லாமலும் படகு மிதக்கும், வலையில் மீனும் விழும். ஆனால் அந்தப் படகு திரும்பி வராவிட்டால், கடலுக்குப் போனதாகவே கணக்கில் இருக்காது. கசிந்த பதிப்பை ஓட்டுகிற கணினியும் அப்படித்தான். அதற்கு அடுத்த பதிப்பு எப்படி வரும், இருக்கிற ஓட்டையை யார் அடைப்பார், காலாவதித் தேதி வந்தால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் யாரும் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு, மீறல் நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. வியாபாரத்துக்காக இல்லாவிட்டால் சிறைத் தண்டனை விதிக்காமல் விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. கடை என்றால் அந்தச் சலுகையைக் கேட்பது கஷ்டம். கசியவிடுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். மைக்ரோசாஃப்டின் முன்னாள் ஊழியர் அலெக்ஸ் கிப்கலோ, விண்டோஸ் 8 தொடர்பான வெளிவராத மென்பொருளை ஒரு பிரெஞ்சு வலைப்பதிவருக்குக் கொடுத்ததற்காக 2014-இல் கைதாகி, மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

தங்கச்சிமடம்

மாணவி பொறியியல் கடைசி ஆண்டு. அப்பா விசைப்படகில் வேலை. மாணவியிடம் இரண்டு மடிக்கணினி: பிளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஒன்று, கடன் வாங்கி வாங்கிய பத்தாம் தலைமுறை ஐ5 ஒன்று. அவருக்கும் கசிந்த இணைப்பு வந்திருந்தது. “போடவா அண்ணே” என்று கேட்டார். பத்து நாள் பொறுத்தால் முறையாகவே வரும் போலிருக்கிறது என்றேன். அவர் செய்த ஒரு புத்திசாலித்தனம், ஆன்லைன் வகுப்பு, தேர்வு, ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் பழைய இலவச லேப்டாப்புக்கு மாற்றியது. வேகம் குறைந்தாலும் அது நம்பகமானது. புதியதைச் சோதனைக்கு விட்டார்.

சேர்வது எளிது. விண்டோஸ் 10-இன் செட்டிங்ஸில் அப்டேட் பகுதியிலேயே இன்சைடர் திட்டம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கை இணைத்து, சேனலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: டெவ் சேனலில் புதியது முதலில் வரும், பிழையும் அதிகம்; பீட்டா சேனல் அதைவிட நிதானமானது. ஆனால் சும்மா கொடுப்பதில்லை. கணினியின் பயன்பாட்டைப் பற்றிய விருப்பத் தரவையும் அனுப்பச் சம்மதித்தால்தான் சேர விடும். எதைத் திறந்தோம், எது முடங்கியது என்பதெல்லாம் அவர்களுக்குப் போகும். இது பிடிக்காதவர்கள் சேராமல் இருப்பதே மேல். குறைந்தபட்சம் இங்கே கேட்டுவிட்டு எடுக்கிறார்கள்.

ஜூன் 28-க்குப் பிறகு டெவ் சேனலில் அவருக்குப் பதிப்பு வந்தது. தினசரி ஒன்றரை ஜிபி டேட்டாவில் அதை இறக்கப் பல நாள் ஆனது. விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பதால் பிழைத்தார். ஜூலை 29 அன்று பீட்டா சேனலுக்கும் விண்டோஸ் 11 வந்தது. ஆகஸ்ட் கடைசியில் மைக்ரோசாஃப்ட் ஒரு முன்னறிவிப்புக் கொடுத்தது: இனி டெவ் சேனலில் வருவது அக்டோபரில் வெளியாகப்போகும் பதிப்போடு ஒட்டியதல்ல, நிதானமாக இருக்க விரும்புகிறவர்கள் இப்போதே பீட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள். மாறாமல் விட்டால் பிறகு எல்லாவற்றையும் அழித்துத்தான் வெளியேற முடியும். அவர் மாறினார்.

செப்டம்பர் 3 காலையில் போன்.

“அண்ணே, கீழே இருக்கற பட்டை செத்துப் போச்சு. ஸ்டார்ட்டும் வேலை செய்யல. ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்.”

அவருக்கு மட்டும் இல்லை. அமெரிக்க நேரப்படி செப்டம்பர் 2 அன்று டெவ், பீட்டா இரண்டு சேனலிலும் இருந்த பலருக்கு டாஸ்க்பாரும் தொடக்கப் பட்டியலும் முடங்கின. புதுப் பதிப்பு அதற்குக் காரணம் இல்லை. மைக்ரோசாஃப்டின் சர்வர் பக்கமிருந்து அனுப்பிய ஒரு சிறு தகவல்தான் காரணம் என்று அவர்களே சொன்னார்கள். தீர்வும் சில மணி நேரத்திலேயே வந்தது. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திற. அதில் ஃபைல் பட்டியலில் புதிய டாஸ்க் என்று கொடுத்துக் கட்டளைச் சாளரத்தை வரவழை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவேட்டில் (ரிஜிஸ்ட்ரி) ஐரிஸ்சர்வீஸ் என்ற சாவியை அழிக்கும் வரியை ஒட்டு. கணினி தானாக மறுபடி தொடங்கும். நான் போனில் சொல்லச் சொல்ல அவர் செய்தார். பத்து நிமிட வேலை.

முறைப்படி சேர்ந்தால் சோதனைப் பதிப்பு படுத்தாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்கு அவருக்கு இணையத் தேர்வு இருந்து, கையில் அந்த ஒரு கணினிதான் என்றிருந்தால் அழுதிருப்பார். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. “இப்படி ஒரு பதிப்பே இல்லையே” என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கெடுத்தவர்களே வந்து, என்ன கெட்டது, ஏன், எப்படிச் சரிசெய்வது என்று எழுதினார்கள்.

வாசல் இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறாரா?

அதிகாரப்பூர்வத் திட்டத்தைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு மனமில்லை. 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வெளியானது. சிலருக்கு அதை ஏற்றியதும் ஆவணங்கள், படங்கள் இருந்த கோப்புறைகளே காணாமல் போயின. நாலு நாளில் மைக்ரோசாஃப்ட் வெளியீட்டை நிறுத்தியது. பிறகு தோண்டிப் பார்த்தால், இன்சைடர்கள் சிலர் மாதங்களுக்கு முன்பே இதே கோளாறை, புகார் எழுதுவதற்கென்று விண்டோஸில் உள்ள ஃபீட்பேக் ஹப் செயலியில் எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் ஆதரவு வாக்கு அதிகம் போடாததால் அது கீழேயே கிடந்தது. அரிதாக நடக்கிற, ஆனால் நடந்தால் எல்லாம் போகிற பிழையை வாக்கு எண்ணி வரிசைப்படுத்தினால் இப்படித்தான் ஆகும். அதற்குப் பிறகுதான் பாதிப்பு எவ்வளவு கடுமை என்று குறிப்பிடும் வசதியை அந்தச் செயலியில் சேர்த்தார்கள். நவம்பர் 13 அன்று 1809 மறுபடி வந்தது.

மாணவியும் ஃபீட்பேக் ஹப்பில் எழுதிக்கொண்டிருந்தார். விண்டோஸ் 11-இல் ஒரு கோப்பை இழுத்து டாஸ்க்பாரில் உள்ள செயலியின் மேல் விட முடியாமல் போயிருந்தது. முந்தைய விண்டோஸில் பழகிய வேலை. அந்தப் புகாருக்கு வாக்குப் போட்டவர்களில் அவரும் ஒருவர். 2021 அக்டோபர் 5 வெளியீட்டில் அது சரியாகவில்லை. 2022 செப்டம்பரில் வந்த 22எச்2 என்ற பதிப்பில்தான் திரும்பி வந்தது. ஒரு வருடம். மெதுவான காது, ஆனால் காது. கீழக்கரைப் பையனுக்கும் அதே எரிச்சல் இருந்தது. அவன் அதை டெலிகிராம் குழுவில்தான் எழுத முடிந்தது.

பையன் அந்தக் கணினியில் வைத்துக்கொண்டு இன்சைடராகச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனே கேட்டான். தகுதி இல்லை என்று சொல்லியிருக்கும். அந்த “இல்லை”தான் அன்றைக்குக் கடைக்கு நல்லது. ஆர்வம் தாங்கவில்லையென்றால் படிவம் நிரப்புகிற இரண்டாவது கணினி பக்கத்திலேயே இருந்தது. பிரிண்டரும் கைரேகைக் கருவியும் அதில் கிடையாது. அதில் மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி) ஒன்றை வைத்து, கடைக் கணக்கு எதையும் திறக்காமல் விளையாடியிருக்கலாம்.

போன்

இந்தக் கடற்கரையில் பெரும்பாலானவர்களுக்குக் கணினி என்றால் போன்தான். மண்டபத்தில் ஒருவர், படகில் கொண்டுபோகும் போனில் உள்ள வரைபடச் செயலியின் “வெளிவராத வெர்ஷன்” வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது, போடவா என்று கேட்டார். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அனுப்பும் மீன்வள இடக் குறிப்பும் காற்று எச்சரிக்கையும் பார்க்கிற போன் அது. பாக் நீரிணையில் எல்லைக்கோடு எவ்வளவு பக்கம் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போகிற போனில் கசிந்ததும் வேண்டாம், முறையான பீட்டாவும் வேண்டாம் என்றேன்.

வீட்டில் இன்னொரு போன் இருந்தால் தாராளமாகச் சேரலாம். பிளே ஸ்டோரில் பல செயலிகளின் பக்கத்திலேயே பீட்டாவில் சேர இடம் இருக்கும். விலகினால் பழைய பதிப்பை மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஐபோனில் இதற்கென்றே டெஸ்ட்ஃப்ளைட் என்ற செயலி உண்டு: ஒரு செயலிக்கு வெளியாட்கள் 10,000 பேர் வரை சேரலாம், ஒவ்வொரு பதிப்புக்கும் 90 நாள் ஆயுள். ஆண்ட்ராய்டையே பீட்டாவில் ஓட்டுவதென்றால் மட்டும் கவனம்: முழுப் பதிப்பு வருமுன் விலகினால் போனில் உள்ளது எல்லாம் அழியும்.

குழுவில் வரும் கோப்பைப் பற்றி அவருக்கு ஒரு சோதனை சொன்னேன். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் அதைச் செய்தவரின் கையொப்பத்தோடுதான் வரும். கையொப்பம் மாறியிருந்தால் ஏற்கனவே இருக்கும் செயலியின் மேல் புதியது ஏறாது. “பழசை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு இதைப் போடுங்க” என்று குழுவில் எழுதியிருந்தால், பெரும்பாலும் யாரோ பிரித்துத் திருத்திக் கட்டியது என்று அர்த்தம். அவர் குழுவைத் திறந்து பார்த்தார். அந்த வரி அங்கே அப்படியே இருந்தது.